காற்றை அளந்த காலம்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எங்கே பலம் என்று கேட்டால், இன்றைக்குக் கல்லூரிப் பையன்கூடக் கைப்பேசியில் குளோபல் விண்ட் அட்லஸைத் திறந்து, 250 மீட்டருக்கு ஒரு கட்டமாக வண்ணம் பிரித்துக் காட்டிவிடுகிறான். தூத்துக்குடி முள்ளக்காட்டில் 1986-ல் காற்றாலைகள் எழுந்ததை அடுத்த அந்த ஆண்டுகளிலோ, நாங்கள் முதலில் டீக்கடைக்குத்தான் போவோம். "ஆனி, ஆடியில வாங்க தம்பி, ஒரு கையால வேட்டியப் புடிச்சுக்கிட்டுத்தான் டீ குடிக்கணும்" என்பார் கடைக்கார அண்ணாச்சி. அதற்கப்புறம்தான் 20 மீட்டர் கம்பம், அதன் உச்சியில் சுழலும் மூன்று கிண்ணங்கள் எல்லாம். அன்னா மாணி அம்மையார் நாடெங்கும் காற்றை அளக்க வழிவகுத்த காலம். அந்தப் பெரும்பணியில் நானும் ஒரு துரும்பு என்ற மிதப்பில் பஸ்ஸில்கூட ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டேன். ஊர்க்காரர்களோ, டி.வி. ஆன்டெனா கட்ட வந்த பையன் என்றே கடைசிவரை நம்பினார்கள்.

பிறகு தொண்ணூறுகளில் காற்றைவிட வரிச்சலுகை பலமாக வீசியதில், முப்பந்தல் முழுக்கக் குட்டிக் காத்தாடிகள் முளைத்தன. இன்றைய வரைபடத்தில் அடர்நிறமாகத் தெரியும் முதல்தர இடங்களில் அவைதான் பட்டா போட்டு உட்கார்ந்திருக்கின்றன. ராட்சத இறக்கைக்காரர்கள் ஓரமாக நிற்கிறார்கள். நாட்டின் காற்று வளமோ 50 மீட்டர் உயரத்தில் 49,000 மெகாவாட், 80 மீட்டரில் ஒரு லட்சம், 120 மீட்டரில் ஏழு லட்சத்தை நெருங்கி என்று ஏறிக்கொண்டே போயிற்று. நிலக் கணக்கு மாறியது, கோபுரம் உயர்ந்தது. காற்றென்னவோ அதே காற்றுதான்.

அதே காற்றுதானா என்பதிலும் இப்போது சந்தேகம். இந்தியப் பெருங்கடல் சூடாக, கடலுக்கும் நிலத்துக்குமான வெப்ப வேறுபாடு குறைந்து, பருவக்காற்று 1980-லிருந்தே தளர்ந்து வந்திருப்பதாக 2018-ல் ஓர் ஆய்வு சொன்னது. வேகம் பத்து சதவீதம் குறைந்தால் ஆற்றல் 27 சதவீதம் போய்விடும் என்பதை, கணக்கில் சுமாரான நானே அன்று மனப்பாடம் செய்திருந்தேன். எதிர்காலக் காற்றுக்கும் இப்போது வரைபடம் போடுகிறார்கள். கணினி மாதிரிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால், சரிபார்க்கப் பழைய அளவீடுகள் இருக்கின்றனவா என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். எங்கள் அலுவலகம் இடம் மாறியபோது அந்தக் கட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். கிலோ என்ன விலைக்குப் போனது என்பது மட்டும் பதிவேட்டில் இருக்கும்.