உடையாக் கண்ணாடியின் வியாபார மகாத்மியம்

1903-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ரசாயன நிபுணர் எதுவார் பெனெதிக்தூஸ், கீழே விழுந்த குடுவையொன்று, உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட்டின் தயவால், விரிசல் கண்டும் சிதறாமல் கிடந்த விந்தையைப் பார்த்து அதிசயித்த நாள்முதலாக, பாதுகாப்புக் கண்ணாடியின் தர்மம் உடையாதிருப்பதன்று, உடைந்தும் ஒருவர் கண்ணிலும் குத்தாதிருப்பதே என்பதை அத்தொழிலில் உள்ளோர் அறிவார்கள். வாங்குகிற மகாஜனங்களுக்கோ இந்த வேதாந்தம் ருசிப்பதில்லை. அவர்கள் வேண்டுவது வஜ்ர சரீரம்.

2019 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே டெஸ்லா கம்பெனியார் தங்கள் சைபர்டிரக் வண்டியை அரங்கேற்றியபோது, அதன் ஜன்னல் கண்ணாடியின் பராக்கிரமத்தை நிரூபிக்கும் பொருட்டு, தலைமை வடிவமைப்பாளர் உலோகக் குண்டொன்றை அதிபர் ஈலான் மஸ்க் முன்னிலையில் வீச, கண்ணாடி சிலந்திவலையாயிற்று. ஒன்று போதாதென்று பின்ஜன்னலுக்கும் அதே உபசாரம் நடந்து, அதே பலன் கிட்டியது. குண்டு உள்ளே நுழையவில்லையே என்று மஸ்க் ஆறுதல் கண்டார். (பெனெதிக்தூஸ் இருந்திருந்தால் அவரும் அதையே சொல்லியிருப்பார்.) வேறு வியாபாரியானால் அன்றே கடையைக் கட்டியிருப்பான், இங்கோ, மஸ்க்கின் கணக்குப்படி, இரண்டே தினங்களில் 1,46,000 பேர், தலைக்கு 100 டாலர் முன்பணத்தோடு பதிவு செய்துகொண்டார்கள்.

2023-இல் வண்டிகளை வழங்கிய வைபவத்தில் எறியப்பட்டது பேஸ்பால் பந்து, அதுவும் நலங்கில் பூப்பந்து உருட்டுகிற பதத்தில். கண்ணாடி பிழைத்துக்கொண்டது. அந்தப் பிழைத்த கண்ணாடியின்மேல் ஒட்டி அழகு பார்ப்பதற்கு, விரிசல் விட்டதுபோலத் தோற்றம் தரும் ஒட்டுப்படமொன்றையும் அதே கம்பெனியாரே 55 டாலர் விலைக்கு விற்றார்கள்.