ஆபீஸ் கொம்பியூட்டரில் எது என்னுடையது?

(இறம்பொடை, தோட்ட ஆபீஸ் எழுதுவினைஞர்)
கே: இந்த ஆபீஸில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். போன வாரம் கொழும்பு ஐ.டி. பகுதியிலிருந்து வந்த தம்பி, வால்பேப்பர்கூட மாற்ற முடியாதபடி என் கொம்பியூட்டரைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். என்னை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்?

ப: இல்லை அக்கா. உங்கள் கணக்கில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறதோ, அந்தக் கணக்கில் நுழைகிற வைரஸுக்கும் அவ்வளவு அதிகாரம் உண்டு. நீங்கள் புது புரோகிராம் போடலாம் என்றால் அதுவும் போடும். ஆகவே அந்தத் தம்பி அதிகாரத்தைக் குறைத்தது சரி. ஆனால் வால்பேப்பரை மூடியது எதற்கு? பேரப்பிள்ளையின் படம் திரையில் இருந்தால் செக்ரோல் என்ற சம்பளப் பட்டியலுக்கு ஒரு கேடும் வராது. அதைத் திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். பூட்டுவதற்கு முதல்நாளே உங்களிடம் காரணத்தைச் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அங்கேதான் பிழை.

(புசல்லாவை)
கே: கொழும்பில் இருக்கிற ஒருவர் எங்கள் மலையில் இருக்கிற மெஷினை எப்படிப் பூட்டுகிறார்?

ப: குரூப் பொலிசி என்ற ஏற்பாட்டால். 2000 பெப்ரவரியில் விண்டோஸ் 2000உடன் வந்தது. தலைமை சர்வரில் ஒரு தடவை விதியை எழுதி வைத்தால், அதில் சேர்ந்திருக்கும் மெஷின்கள் தாமாகவே வந்து வாங்கிக்கொள்ளும். ஏறத்தாழ 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை. எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் மொய்க்காமலிருக்க, அதற்கு மேல் அரை மணி நேரம் வரை ஆளுக்கொரு விதமாகப் பிந்தும். 'திறந்துவிட்டேன்' என்று கொழும்பு சொன்னதும் திறக்கவில்லையா? ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் 2000க்கு முந்திய விண்டோஸ் 95, என்.டி. காலத்திலும் பொலிசி இருந்தது. ஆனால் விதியை எடுத்த பிறகும் பூட்டு மெஷினுக்குள்ளேயே தங்கிவிடும். அந்தத் தொழிலில் இருந்தவர்கள் அதைப் 'பச்சை குத்தியது' என்றார்கள். நம் பாட்டிமார் கையில் இருந்த பச்சையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

(தலவாக்கலை, கடைக்காரர்)
கே: என்னிடம் மூன்று மெஷின்தான். சர்வரும் இல்லை; எல்லாம் விண்டோஸ் ஹோம்.

ப: ஹோமில் பொலிசி எடிட்டர் கிடையாது, சர்வரோடு சேரவும் முடியாது. பரவாயில்லை. ஒவ்வொரு மெஷினிலும் இரண்டு கணக்கு போடுங்கள்: அட்மின் கணக்கு உங்கள் கையில், சாதாரணக் கணக்கு வேலைக்கு. நீங்களும் அன்றாடம் சாதாரணக் கணக்கிலேயே வேலை செய்யுங்கள். ஒரு சதமும் செலவில்லை. பாதுகாப்பில் பெரிய பங்கு இதிலேயே வந்துவிடும்.

(நுவரெலியா)
கே: பூட்டும்போது எதைக் கட்டாயம் திறந்து வைக்க வேண்டும்?

ப: எழுத்தின் அளவையும் தமிழையும்.

ஒரு தோட்டத்து ஆபீஸில் என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். 9ஆம் திகதி பின்னேரம், விடிந்தால் சம்பளம். ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மா, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, மர அடிக்கோலைத் திரையின் குறுக்கே பிடித்தபடி செக்ரோலில் ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டிருந்தார். பேர் ஒரு வரியில், நாள் கணக்கு இன்னொரு வரியில் போய்விடக் கூடாதே. அந்தப் பட்டியலில் ஒரே பேரில் இரண்டு பெண்கள், மேல் லயத்தில் ஒருவர், கீழ் லயத்தில் ஒருவர். கோல் ஒரு வரி வழுகினால் ஒருத்தியின் உழைப்பு மற்றவளுக்குப் போய்விடும். எழுத்தைப் பெரிதாக்கலாமே என்றேன். "அது பூட்டுங்க" என்றார். செட்டிங்ஸ் முழுவதையும் மூடியிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கன்ட்ரோல் பேனலை ஒரேயடியாக மூடுவது இரண்டு நிமிஷ வேலை. சுலபம் என்பதற்காகத்தான் செய்கிறார்கள். எந்தப் பக்கத்தைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தனித்தனியாகத் தெரிவு செய்யும் வசதி 2017ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் 10இல் இருக்கிறது. திரை, மொழி, கண் பார்வை குறைந்தவர்களுக்கான வசதிகள் ஆகிய மூன்று பக்கங்களையும் திறந்து வையுங்கள். 2019 மே அப்டேட்டோடு தமிழ் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் விண்டோஸிலேயே வந்துவிட்டது. மொழிப் பக்கம் மூடியிருந்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். பிறகு எழுதுவினைஞர் பழைய பாமினி எழுத்துருவில் அடிப்பார். பாமினி இல்லாத மெஷினில் திறந்தால் கடிதம் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

அந்த அம்மாவுக்கு அன்று இரண்டு வழி காட்டினேன். எக்செல்லில் கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு மௌஸ் சக்கரத்தை உருட்டினால் பட்டியல் பெரிதாகும். விண்டோஸ் பொத்தானோடு கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி வரும். செட்டிங்ஸ் பூட்டியிருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். அவர் முதலில் செய்தது அடிக்கோலை மேசையில் வைத்ததுதான்.

(ஹட்டன்)
கே: பென் டிரைவைத் தடுத்தால் போதுமா?

ப: போதாது, ஆனால் வேண்டும். 2008 கடைசியில் கிளம்பிய கொன்ஃபிக்கர் என்ற வைரஸ் பென் டிரைவிலும் ஏறிப் பரவியது. முழுத் தடைதான் போட வேண்டும் என்றில்லை. வாசிக்கலாம், அதிலுள்ள புரோகிராம் ஓடக் கூடாது என்றும் விதி வைக்கலாம்.

ஆனால் எழுதுவினைஞரின் கையை மட்டும் கட்டிவிட்டுத் தலைமை இடத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நம் நாடே பார்த்தது. 2023இல் லங்கா அரச கிளவுட்டை ரான்சம்வெயர் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போய்விட்டன; பாதிக்கப்பட்ட முகவரிகள் 5,000 அளவில். அங்கே ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் பழைய 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அந்த மாதங்களுக்குத் தனியே எடுத்து வைத்த பிரதியும் இல்லை. எந்த டெஸ்க்டொப் பூட்டும் இதைத் தடுத்திருக்காது.

(கம்பளை)
கே: பலர் வந்து பாவிக்கும் பொதுக் கொம்பியூட்டருக்கு என்ன செய்யலாம்?

ப: உங்கள் ஊருக்கு இது புதிதல்ல. தொண்ணூறுகளின் கடைசியில், யுனெஸ்கோ உதவியோடு கொத்மலை சமூக வானொலி இணையத்தை ஊருக்குக் கொண்டுவந்தபோது, கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களில் பொது மெஷின்கள் இருந்தன. பொது மெஷினுக்குக் கட்டாயப் புரொஃபைல் பொருத்தம். வருபவர் எதை வேண்டுமானாலும் கலைக்கட்டும். வெளியேறியதும் திரை பழையபடி வந்துவிடும். அடுத்தவர் முந்தியவரின் சுவடே இல்லாமல் தொடங்கலாம்.

(இறம்பொடை)
கே: மழை பெய்தால் லைன் போய்விடுகிறது. சர்வர் இல்லாமல் உள்ளே போகலாமா?

ப: அந்த மெஷினில் முன்பு நுழைந்தவர் என்றால் போகலாம். கடைசியாக நுழைந்த பத்துப் பேரின் அடையாளத்தை விண்டோஸ் வழக்கமாக ஞாபகம் வைத்திருக்கும். புதிதாக வந்தவருக்கு வழியில்லை. ஆகவே மாற்றலாகி வருபவரை லைன் இருக்கும் நாளிலேயே ஒரு தடவை உள்ளே போகச் சொல்லுங்கள். பூட்டுகளும் அப்படியே இருக்கும். லைன் போனதென்று திறந்துவிடாது.

(கொட்டகலை)
கே: மணிக்கூட்டைக்கூடத் திருத்த விடுவதில்லையே?

ப: சர்வருக்கும் உங்கள் மெஷினுக்கும் 5 நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கடவுச்சொல் சரியாக இருந்தாலும் சர்வர் ஏற்காது. அதனால் இந்தப் பூட்டு நியாயமானது. 1996இல் இரண்டு தடவை நாட்டு நேரத்தையே மாற்றி, 2006 ஏப்ரலில்தான் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய பழைய நேரத்துக்குத் திரும்பினோம். நேரம் ஆளுக்கு ஆள் மாறினால் வரும் சிக்கல் நமக்குத் தெரியாததா?

(வட்டவளை)
கே: பூட்டை உடைக்கும் வழி ஒன்று யூடியூப்பில் இருக்கிறது. செய்து பார்க்கலாமா?

ப: வேண்டாம் தம்பி. அதிகாரமின்றிக் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம், வேலையும் போகும். எந்தப் பூட்டு எந்த வேலையைத் தடுக்கிறது என்று திகதி போட்டு எழுதி, ஐ.டி. பகுதிக்கும் துரைக்கும் கொடுங்கள். ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், ஊர் பேர் இல்லாமல் இந்தப் பக்கத்தில் நானும் கேட்கிறேன்.