எண்ணெய் அண்ணாச்சி

சங்கரன்கோவில் ரத வீதியில் யாருடைய வண்டிச் சாவியாவது லாக்கில் சிக்கினால் போதும், அண்ணாச்சி வந்து நிற்பார். "தள்ளும்வே, நான் பாக்கேன்." கையிலிருக்கும் டீ கிளாஸை வண்டி சீட்டின் மேலேயே வைப்பார்.

அவருக்கென்று இருப்பது ஒரு பழைய சைக்கிள். அதற்குப் பூட்டு கிடையாது.

சாவியை ஒரு இழுப்பு இழுப்பார். வராது. நாடி பார்த்த வைத்தியரைப் போல உதட்டைப் பிதுக்குவார். "எண்ணெ இல்லாம வறண்டு கெடக்கு." எந்த வண்டிக்கும் இதே நோய்தான். தேங்காய் எண்ணெய் பாக்கெட் வாங்கும் செலவு வண்டிக்காரருக்கு. பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்து, "ரெண்டு சொட்டு போதும்" என்று தொடங்குவார். மூன்றாவது சொட்டிலிருந்து கணக்கு கிடையாது. டேங்கில் வழிந்து வண்டிக்காரர் வேட்டியில் இறங்கும்போதுதான் கை நிற்கும். மிச்சத்தைத் தன் தலையில் தேய்த்துக்கொள்வார்.

புற்றுமண்ணே சகல நோய்க்கும் மருந்து என்று கோமதி அம்மன் சன்னதியிலிருந்து பொட்டலம் கட்டிப் போகிற ஊர் இது. பாம்பு, தேள் தொல்லை என்றால் உருவம் வாங்கி உண்டியலில் போடுவார்கள். இங்கே பிறந்தவருக்கு ஒற்றை மருந்தில் நம்பிக்கை வந்ததைக் குறை சொல்ல முடியாது. 2019-இல் ஊரே திருநெல்வேலி மாவட்டத்தை விட்டுத் தென்காசிக்குப் போனது. அண்ணாச்சி எண்ணெயை விட்டுப் போகவில்லை.

லாக்குக்குள் இருப்பது மெல்லிய பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றுக்கும் மயிரிழை ஸ்பிரிங். உருளை முழுசாகப் பழைய இடத்துக்குத் திரும்பினால்தான் தகடுகள் சாவியை விடும். துளி விலகி நின்றாலும் பல்லைக் கவ்விக்கொள்ளும். பாதிக் கேஸில் சாவியை உள்ளே அழுத்தி, ஹேண்டிலை லேசாக ஆட்டி, கடைசிவரை திருப்பினாலே வந்துவிடும். உள்ளே போகவேண்டியது கிராஃபைட் பொடி. எண்ணெய் விட்டால் ரோட்டுப் புழுதியும் விசைத்தறிப் பஞ்சும் ஒட்டி, நாளாவட்டத்தில் களிம்பாகிவிடும். அடுத்த தடவை சாவி நிஜமாகவே சிக்கும். அண்ணாச்சி அதற்கும் எண்ணெய் விடுவார்.

ஆடித்தபசுத் திருவிழா அன்று கழுகுமலைப் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஒருவர் மாட்டினார். எண்ணெய்ப் படலம் முடிந்து, அண்ணாச்சி கட்டிங் பிளேயருக்கு வந்துவிட்டார். "டிக்" என்றது. பாதிச் சாவி கையில், பாதி உள்ளே. கூட்டத்தில் இடுப்புப் பிள்ளையோடு அந்தத் தம்பியின் மனைவி நின்றுகொண்டிருந்தார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்ல இந்த மனுஷனுக்கு ஏன் வாய் வராது?

ஆனால், வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்த பிறகும் அந்த வண்டியைச் சாவிக்கடை வரை தள்ளிக்கொண்டு வந்தது அவர்தான். பிள்ளைக்கு முறுக்கும் வாங்கிக் கொடுத்தார்.

சாவிக்காரர் பெட்ரோல் விட்டுக் களிம்பைக் கழுவினார். ஸ்க்ரூ டிரைவரால் உருளையை நேராக்கி, தலைமுடி கனமுள்ள ரம்ப பிளேடைச் சாவிப் பல்லோரம் விட்டுக் கொக்கி போட்டு இழுத்தார். துண்டு வந்தது.

"பாத்தியளா, எண்ணெ ஊறிட்டு!" என்றார் அண்ணாச்சி.

சாவிக்காரர் மறுக்கவில்லை. எதிர்த்த கடையைப் பார்த்து, "அண்ணாச்சிக்கு ஒரு டீ" என்று குரல் கொடுத்துவிட்டு, "நம்ம கிராக்கில பாதி இவுக கொண்டாந்து விடுறதுதான்" என்றார் மெதுவாக.

டீ வந்தது. அண்ணாச்சி ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை அந்தத் தம்பியின் சீட்டில் வைத்தார்.