லேப் அண்ணன்

அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர் ஓய்வு பெறுவார், வேதியியல் ஆசிரியர் மாற்றலாகிப் போவார். லேப் அண்ணன் மட்டும் அங்கேயே இருப்பார். பதவிப் பெயர் ஆய்வக உதவியாளர். ஆனால் புதிதாக வந்த ஆசிரியர் முதல் மூன்று மாதம் அவருக்குத்தான் உதவியாளர்.

ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. பெர்மாங்கனேட் பட்டு விரல் நுனிகள் பழுப்பேறியிருக்கும். சில்வர் நைட்ரேட் பட்ட இடம் கறுத்திருக்கும். சட்டைப் பையில் தீப்பெட்டி, இடுப்பில் சாவிக்கொத்து. பீடி குடிக்கமாட்டார், தீப்பெட்டி பர்னருக்கு.

அவருடைய காதுதான் விசேஷம். உள்ளே 'சிலீர்' என்று கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கமாட்டார். "கானிக்கல்" என்பார். கொஞ்சம் கனத்த சத்தம் என்றால், "இருநூத்தம்பது பீக்கர்". மெல்லிசாக 'டிக்' என்றால், "டெஸ்ட் ட்யூப்தான், விடு". அதற்குள் உடைசல் நோட்டில் தேதி விழுந்திருக்கும். உடைத்தவன் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்.

பிப்பெட்டையும் பியூரெட்டையும் குழப்பிக்கொள்ளாத பிளஸ் ஒன் மாணவன் இன்னும் பிறக்கவில்லை. ஆசிரியர் கரும்பலகையில் இரண்டையும் வரைந்து, பாகம் குறித்து, விளக்கம் எழுதிப் போடுவார். பிள்ளைகள் படத்தை அழகாக நோட்டில் ஏற்றிவிட்டு, மேசைக்கு வந்ததும் தவறானதைத் தூக்குவார்கள். அண்ணனுக்குப் படம் வேண்டாம். "தம்பி, நடுவுல தொப்பை இருக்கா? பிப்பெட். அடியில திருகு இருக்கா? பியூரெட். அவ்வளவுதான்."

"அண்ணே, அளவு ஜாடியிலயும் கோடு கோடாத்தானே இருக்கு?"

"எண்ணைப் பாரு. ஜாடியில கீழேருந்து மேலே ஏறும், எவ்வளவு இருக்குன்னு சொல்ல. பியூரெட்டுல பூஜ்யம் மேலே, அம்பது கீழே. நீ எவ்வளவு எறக்குனேன்னு அது கணக்கு வைக்குது."

இவ்வளவு தெளிவாகப் பாடநூலில் நான் படித்ததில்லை.

பீக்கர் மேல் அவருக்கு மரியாதை கிடையாது. "அது போட்ட கோட்டை அதுவே நம்பாது" என்பார். உண்மைதான், பீக்கரின் கோடு தோராயம், ஐந்து சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கும். ஸ்டாண்டர்ட் பிளாஸ்க் என்றால் குரலே மாறிவிடும். நீளக் கழுத்து, அதில் ஒரே ஒரு கோடு. "ஒரே வார்த்தைதான் பேசும், சுத்தமாப் பேசும். அதைப் போய் அடுப்புல வச்சிடாதே."

கானிக்கல் என்கிற கூம்புக் குடுவையை 1860 வாக்கில் வடிவமைத்தவர் எமில் எர்லன்மேயர் என்ற ஜெர்மன் வேதியியலாளர். வாய் குறுகி அடி அகன்றிருப்பதால் சுழற்றினாலும் சிந்தாது. இதை அண்ணனிடம் ஓர் ஆசிரியர் பெருமையாகச் சொல்ல, வந்த பதில்: "நல்லாத்தான் யோசிச்சிருக்காரு. கை உள்ள போகாதே, கழுவுறவன் என்ன பண்ணுவான்னு யோசிக்கலையே!"

குறை ஒன்று உண்டு. நல்ல கண்ணாடிச் சாமான் எல்லாம் பீரோவுக்குள், வைக்கோல் கூடப் பிரிக்காமல், பூட்டில் இருக்கும். பிள்ளைகள் கைக்கு வருவது விளிம்பு உடைந்த பீக்கரும் ஒழுகும் பியூரெட்டும்தான். கேட்டால், "எக்ஸ்டர்னல் வர்றப்போ எடுக்கலாம்". செய்முறைத் தேர்வு நடத்த வெளியிலிருந்து எக்ஸ்டர்னல் வந்து, டீயும் வடையும் சாப்பிட்டுப் போன மறுநாள் அவை மறுபடி உள்ளே போய்விடும். வருஷம் முழுக்கப் பழகும் பிள்ளைக்கு இல்லாத பியூரெட் ஒரு நாள் விருந்தாளிக்கு எதற்கு? இதில் நான் அவர் கட்சி இல்லை.

ஆனால் அந்த ஒரு நாள் அவரைப் பார்க்கவேண்டும். வைவாவில் எக்ஸ்டர்னல் ஒரு சாமானைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்கிறார். பையன் வியர்க்கிறான். எக்ஸ்டர்னலுக்குப் பின்னால் டீ கிளாஸோடு நிற்கும் அண்ணன், ஒன்றும் அறியாதவராகத் தன் தொப்பையை ஒரு தடவு தடவுகிறார்.

"பிப்பெட், சார்!"

இந்த வருஷம் செய்முறைத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பிப்பெட் நுனியில் நிற்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளாதீர்கள்; குடுவைச் சுவரில் நுனியைத் தொட்டு எடுத்தால் போதும். அந்தச் சொட்டை விட்டுவிட்டுத்தான் அதில் அளவு குறித்திருக்கிறார்கள். நீங்கள் ஊதுவதை எக்ஸ்டர்னல் கவனிக்காமல் போகலாம், அண்ணன் கண்ணுக்குத் தப்பாது.