பேய் வேலையும் துரைக்குத்தான்

மலேசியாவின் தஞ்சோங் ரம்புத்தான்காரர்கள் பேயைப் பார்த்ததாக வெளியே சொல்வதில்லை. 1911இல் திறந்த மனநல மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, எதற்கு வம்பு? பேய்க்கதை வேண்டுமென்றால் பத்து காஜா பக்கம், கெல்லி காசலுக்குப் போவார்கள்.

ரப்பர் தோட்டத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித், அந்த மாளிகையைக் கட்டி முடிக்கும் முன்பே 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோனார். ஆவி மட்டும் கப்பலேறித் திரும்பி வந்து, மாடி நடையில் உலவுகிறதாம். டிக்கெட் எடுத்தால் நாமும் பயப்படலாம். அங்கே கல் சுமந்து, விஷக்காய்ச்சலில் செத்த தமிழ்த் தொழிலாளிகளோ நான் கேட்ட எந்தக் கதையிலும் பேயாக வரவில்லை; செத்த பிறகும் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கிறார்களோ என்னவோ! காய்ச்சல் தணிய, துரை மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக்கொடுத்தார். அதன் கூரையிலும் சாமிகளோடு சாமியாக நிற்பது துரைதான்.