பருப்பு வேகாத ஊரிலிருந்து ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: இந்திய தர நிர்ணய அமைவனம், புது தில்லி.

பொருள்: ஐ.எஸ். 10500 என்னும் குடிநீர்த் தர ஆவணத்தின் தாராள மனத்துக்குக் காஞ்சிபுரத்து இட்லிக் கொப்பரைகளின் நன்றி.

1983இல் முதன்முதலாக வெளிவந்து, 1991இலும் 2012இலும் திருத்தப்பட்ட அந்த ஆவணத்தின் அட்டவணைகளில் இரண்டு பத்திகள் உள்ளன: முதலாவது ஏற்கத்தக்க அளவையும், இரண்டாவது வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் பொறுத்துக்கொள்ளத்தக்க அளவையும் கூறுகின்றன. நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கால்சியம் கார்பனேட்டின் கணக்கில் கூட்டிச் சொல்வதே கடினத்தன்மை எனப்படும். அதற்கு முதல் பத்தி லிட்டருக்கு 200 மில்லிகிராமும், இரண்டாம் பத்தி 600 மில்லிகிராமும் வகுத்துள்ளன. நைட்ரேட்டுக்கு மறுக்கப்பட்ட இச்சலுகை சுண்ணாம்புக்குக் கிட்டியிருக்கிறது. வேறு போக்கில்லை என்ற ஒரே தகுதியால் பொல்லாத நீர் பொறுக்கத்தக்க நீராக மாறும் இந்த ரசவாதம் சித்தர்களுக்கும் கைவராதது என்பதால், பாராட்டு முதலில் அதற்கே உரியது.

காஞ்சிபுரம் பாலாறு, வேகவதி ஆகியவற்றின் மணலடி ஊற்றுகளை நம்பி வாழ்ந்துவரும் நகரம். ஊற்று போதாத வீட்டில் போர் தண்ணீர் கைகொடுக்கிறது. மண்ணில் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவை ஏற்றுச் சற்றே புளித்து, வழியிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைகிறது. அந்நீரைக் கொதிக்கவைத்தால் வாயு வெளியேற, சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிப் பாத்திரத்தில் ஒட்டுகிறது. இவ்வாறு கொதித்தால் நீங்குவது தற்காலிகக் கடினத்தன்மை. சல்பேட்டுகளாலும் குளோரைடுகளாலும் வரும் நிலையான கடினத்தன்மையோ எத்தனை விறகு எரித்தாலும் அசையாது. ஆற்றில் நீரோட்டம் இல்லாத மாதங்களிலும் கொப்பரையின் அடியில் வெள்ளை ஏடு கட்டுவதால், பாலாறு என்ற பெயர் பொய்க்கவில்லை என்று ஆறுதல் கொள்ள இடமுண்டு.

குக்கரின் அடித் தண்ணீரில் சுண்டைக்காயளவு புளியைப் போடும் வழக்கம், புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் சுண்ணாம்பு படிவதையும் அலுமினியம் கறுப்பதையும் தடுக்கிறது என்ற வேதியியலை எவரிடமும் கற்காமல் சமையலறை கண்டுபிடித்தது. பருப்பின் விஷயத்தில் அக்கலை பலிப்பதில்லை. பருப்பின் செல்சுவரை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருளைக் கால்சியம் மேலும் இறுக்கிவிடுவதால், ஐந்து விசிலுக்குப் பிறகும் பருப்பு முழித்துக்கொண்டிருக்கிறது. அதற்கான பழி மளிகைக் கடைக்காரர் மீதும் மருமகள் மீதும் விழுகிறதே தவிர, எந்த அட்டவணையின் மீதும் விழுந்ததில்லை.

இவ்வூர்ப் பட்டின் கதை இதனினும் நுட்பமானது. கச்சாப் பட்டிழையில் ஃபைப்ரோயின் என்னும் நார்ப்புரதத்தைச் சுற்றிச் செரிசின் என்னும் கோந்து, எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரை, படிந்திருக்கிறது. சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் அவித்து அதை நீக்கினால்தான் இழை மினுங்கும், சாயம் பிடிக்கும். கடின நீரிலோ சோப்பு முதலில் கால்சியத்துடன் சேர்ந்து கரையாத கசடாகிறது. இரண்டாம் பத்தி பொறுத்துக்கொள்ளும் 600 மில்லிகிராம் நீரில் 100 லிட்டரை எடுத்தால், அது நுரை என்ற ஒன்றைக் காட்டுவதற்கு முன்பே சுமார் 360 கிராம் தூய சோப்பை விழுங்கிவிடும். முதல் பத்தியின் நீருக்கு 120 கிராம் போதும். விழுங்கியது கசடாக நூல்கழியில் ஒட்டும்போது சாயம் திட்டுத் திட்டாக ஏறுகிறது. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாகச் சாயமேற்றிக் கோர்வையில் இணைக்கும் புடவையில், ஒரு கழி அரைச் சாயல் மங்கினாலும் நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத்துக் கண்கள் அதைத் தப்பவிடுவதில்லை. குடிநீர்த் தரம் சாயத்தொட்டிக்கானதன்று என்று அமைவனம் மறுமொழி கூறக்கூடும்; அது நியாயமே, எனினும் பூமிக்கடியில் குடிநீருக்கென்றும் சாயநீருக்கென்றும் தனித்தனி ஊற்றுகள் ஒதுக்கப்படவில்லை.

கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் உலக சுகாதார நிறுவனமும் வரம்பு விதிக்கவில்லை என்பது உண்மை. நோயாக வராத இழப்பு மருத்துவமனைக் கணக்கில் ஏறாது. சோப்பிலும் கேஸ் சிலிண்டரிலும் கீசரிலும் கரைந்துபோகும் பணத்துக்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு கிடையாது. ஆயினும் இதே அமைவனம், அடைத்து விற்கப்படும் குடிநீருக்கான ஐ.எஸ். 14543 ஆவணத்தில், கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று கண்டிப்பாக இருக்கிறது. குழாய்க்கு மட்டும் அது இரண்டாம் பத்தியில் 2000 வரை நீள்கிறது. விலை கொடுப்பவருக்கு ஒரு பத்தி, வரி கொடுப்பவருக்கு இரண்டு பத்தி என்ற இந்தப் பாகுபாட்டைக் கேன் வண்டிக்காரர்கள் அமைவனத்துக்கு முன்பே புரிந்துகொண்டுவிட்டனர்.

வேறு நீராதாரம் இல்லாமற்போவது எப்போதும் இயற்கையின் செயல் அன்று. மேற்கே வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்பளித்தது. வேறு ஆதாரம் அடியோடு இல்லை என்பதும் இல்லை: ஐப்பசி, கார்த்திகையில் வானிலிருந்து இறங்கும் நீரில் கடினத்தன்மை அநேகமாக இல்லை. அது எந்தப் பத்தியிலும் அடங்காமல் தெருவில் ஓடிவிடுகிறது.

எனவே இம்மடலின் வேண்டுகோள் சிறியது. இவ்வூர்க் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில் நீருக்கடியில் சயனித்திருக்கும் அத்திவரதப் பெருமாளுக்கே 40 ஆண்டு என்று ஒரு தவணை உண்டு. 1979இல் எழுந்தருளியவர் 2019இல் மீண்டும் எழுந்தருளி, 48 நாள் தரிசனம் தந்து திரும்பினார். ‘வேறு ஆதாரம் இல்லாத’ நிலைக்கோ ஆவணத்தில் தவணை ஏதும் குறிக்கப்படவில்லை. அடுத்த திருத்தத்தில் அதற்கும் ஓர் ஆண்டைக் குறித்து, அது 2059க்கு முற்பட்டதாகவும் அமைந்துவிட்டால், பெருமாள் மறுமுறை எழுந்தருளும்போது பருப்பு வெந்திருக்கும்.

இப்படிக்கு,
காஞ்சிபுரத்து இட்லிக் கொப்பரைகள்

இணைப்பு: அடியில் சுரண்டிய வெண்பொடி, பொட்டலம் ஒன்று.