ஐந்தே பாடங்களில் சிறைச்சாலை ஆங்கிலம்

முப்பது நாளில் ஆங்கிலம் கற்றுத்தரும் புத்தகங்கள் கடையில் பேரம் பேசவும், டாக்டரிடம் வயிற்றுவலியை விளக்கவும் சொல்லித்தருகின்றன. சிறைக்குள் நடந்ததை வெளியே சொல்வதற்கான ஆங்கிலத்தை மட்டும் விட்டுவிடுகின்றன. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தப் பாடத்திட்டம். சிறைத்துறைச் செய்தித் தொடர்பாளர் வேலைக்கு மனுப்போட நினைப்பவர்களுக்கு மிகவும் ஏற்றது. பட்டென்று பேசும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விட்டுவிட்டு வாருங்கள். பயிற்சிக்கு நியூயார்க் மாநிலத்தின் அட்டிக்கா சிறையை எடுத்துக்கொள்வோம். இந்த மொழியின் விதிகள் பெரும்பாலும் அந்த ஒரே இடத்தில் கிடைக்கும்.

பாடம் 1: பெயர்ப் பலகை

சிறையைச் சீர்திருத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்றுக்குப் பணம் வேண்டும். மற்றதற்கு பெயின்ட் போதும். 1970இல் நியூயார்க் அரசு பெயின்டை எடுத்தது. பிரிசன் எல்லாம் கரெக்‌ஷனல் ஃபெசிலிட்டி ஆயின. வார்டன் சூப்பரின்டென்டென்ட் ஆனார், கார்டு கரெக்‌ஷன் ஆஃபீசர் ஆனார். அட்டிக்காவுக்குள் இடத்துக்கு மிஞ்சி அடைபட்டிருந்த சுமார் 2,200 பேருக்கு வாரத்துக்கு ஒரு குளியல், மாதத்துக்கு ஒரு சுருள் டாய்லெட் பேப்பர் என்ற ஏற்பாடு அப்படியே நீடித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி அவர்கள் கிளர்ந்தெழுந்து, காவலர்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்டார்கள். பெயர் மாற்றியும் திருப்தியில்லாத ஜனங்கள்.

பாடம் 2: ஆட்கள்

நம்மூரில் 'கம்பி எண்ணுகிறான்', 'களி தின்கிறான்', 'மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறான்' என்பார்கள். இதெல்லாம் பாமரப் பேச்சு. கம்பியும் களியும் கண்முன்னே வந்துவிடுகின்றன. தேர்ந்த சிறை ஆங்கிலத்தில் கம்பி தெரியவே கூடாது. கன்விக்ட் என்றார்கள், பிறகு பிரிசனர், பிறகு இன்மேட். இன்றைய நியூயார்க் சட்டத்தில் அவர் இன்கார்சரேட்டட் இன்டிவிஜுவல். எங்களை மனிதர் என்று சொல்லுங்கள் என்பது உள்ளே இருந்தவர்களே நெடுநாள் கேட்டது, நியாயமானதும்கூட. உங்கள் மேசைக்கு ஒரு கோரிக்கைப் பட்டியல் வந்தால், அதில் காசு செலவில்லாதது எது என்று பார்த்து முதலில் அதை நிறைவேற்றுங்கள். குளியல், வைத்தியம், சம்பளம் ஆகியவற்றைப் பரிசீலனையில் வையுங்கள்.

பாடம் 3: அறைகள்

ஒருவரைச் சின்ன அறையில் தனியாக அடைத்து, நாளில் ஒரு மணி நேரம் போல வெளியே விடுவதைத் தனிமைச் சிறை என்று எழுதிவிடாதீர்கள். ஸ்பெஷல் ஹவுசிங் யூனிட் என்று எழுதுங்கள். ஸ்பெஷலும் இருக்கிறது, வீட்டுவசதியும் இருக்கிறது. விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டாலும் கேட்பார்கள். அட்மினிஸ்ட்ரேட்டிவ் செக்ரிகேஷன், ரெஸ்ட்ரிக்டிவ் ஹவுசிங் ஆகியவையும் கைவசம் இருக்கட்டும். 1829இல் திறந்த ஃபிலடெல்ஃபியா ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷரியில் இதையே பாவமன்னிப்புக்கான ஏகாந்தம் என்று கருதினார்கள். தொடர்ந்து 15 நாளைத் தாண்டிய தனிமை கூடாது என்று 2015இல் ஐ.நா.வின் மண்டேலா விதிகள் சொல்லிவிட்டன. 2021இல் நியூயார்க்கும் அதே வரம்பைச் சட்டமாக்கியது. பதற்றம் வேண்டாம். பதினான்காம் நாள் அறையின் பெயரை மாற்ற முடியுமா என்று யோசிப்பவரே நல்ல மாணவர்.

பாடம் 4: கருவிகள்

வெளியே வர மறுப்பவரை இழுத்துவருவதற்கு செல் எக்ஸ்ட்ராக்‌ஷன் என்று பெயர். ஹெல்மெட்டும் கவசமும் போட்ட ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். முதலாமவர் கேடயத்தால் ஆளைச் சுவரோடு அழுத்த, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை, ஒரு கால் என்று பங்கு பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் வீடியோ எடுப்பார். கீழே கிடப்பவர் அசைந்தாலும் அசையாவிட்டாலும் 'ஸ்டாப் ரெசிஸ்டிங்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். அது அவருக்காக அல்ல, மைக்குக்காக.

கண்ணீர்ப் புகை உண்மையில் புகையல்ல, பொடி. சி.எஸ். என்ற அந்தப் பொடி, அதை 1928இல் கண்டுபிடித்த கார்சன், ஸ்டாட்டன் என்ற இரு அமெரிக்கர்களின் முதலெழுத்துகளைத் தாங்கி நிற்கிறது. 1993ஆம் ஆண்டின் ரசாயன ஆயுத ஒப்பந்தப்படி இதைப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாது; உள்நாட்டில் சட்டம் ஒழுங்குக்குப் பயன்படுத்தலாம். அதாவது எதிரி நாட்டுச் சிப்பாய்க்குத் தடை, சொந்த நாட்டுக் கைதிக்கு அனுமதி. ஆகவே ஆயுதம் என்று எழுதாதீர்கள். ஏஜென்ட் என்று எழுதுங்கள்.

ரப்பர் குண்டு 1970இல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ராணுவத்தோடு வந்தது. தரையில் பட்டுத் தெறித்துக் காலில் அடிக்க வேண்டும் என்பது ஏட்டில் இருந்த விதி. ரப்பர், பிளாஸ்டிக் குண்டுகளால் அங்கே 17 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. முன்பு நான்-லீதல் என்று சொல்லிவந்த இந்த ரகத்தை இப்போது லெஸ்-லீதல் என்கிறார்கள். கொல்லாது என்ற உத்தரவாதம் போய், குறைச்சலாகக் கொல்லும் என்ற தள்ளுபடி வந்திருக்கிறது.

பாடம் 5: இலக்கணம்

செயப்பாட்டு வினைதான் இந்த மொழியின் முதுகெலும்பு. 'சுட்டார்கள்' என்றால் யார் என்று கேட்பார்கள். 'ஷாட்ஸ் வேர் ஃபயர்ட்' என்றால் துப்பாக்கியே முடிவெடுத்ததுபோல் இருக்கும். இதில் நாமும் சளைத்தவர்கள் அல்ல. 'லேசான தடியடி நடத்தப்பட்டது' என்ற வாக்கியத்தில் அடித்தவரும் இல்லை, அடிபட்டவரும் இல்லை, அடியும் லேசு. மைல்ட் லாத்தி சார்ஜ் இந்த ஆங்கிலத்துக்கு இந்தியா அளித்த கொடை.

இறுதித் தேர்வு

1971 செப்டம்பர் 13 காலை. ஹெலிகாப்டரிலிருந்து அட்டிக்கா முற்றத்தில் கண்ணீர்ப் புகை கொட்டப்படுகிறது. அந்த மூட்டத்துக்குள் மாநிலப் போலீசாரும் காவலர்களும் சுடுகிறார்கள். 29 கைதிகளும் 10 பிணையாட்களும் இறக்கிறார்கள். கைதிகளிடம் துப்பாக்கி கிடையாது. பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை எழுதுக.

அன்று அதிகாரிகள் எழுதிய விடை: கைதிகள் பிணையாட்களின் கழுத்தை அறுத்துவிட்டார்கள். பத்திரிகைகள் அதை அப்படியே போட்டன. எழுவாய், செயப்படுபொருள், வினை மூன்றும் பளிச்சென்று தெரிகிற, சரிபார்க்கக்கூடிய வாக்கியம் அது. பாடம் 5ஐப் படிக்காததன் விளைவு. மறுநாளே ராச்செஸ்டரில் ஜான் எட்லண்ட் என்ற டாக்டர் பிரேதப் பரிசோதனை முடிவைச் சொன்னார்: இறந்தது துப்பாக்கிக் குண்டால். அரசு வேறு நிபுணர்களைக் கூப்பிட்டுச் சரிபார்த்தது. அவர்களும் அதையே சொன்னார்கள்.

2000ஆம் ஆண்டு மாநில அரசு, தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, கைதிகள் தரப்புக்கு 80 லட்சம் டாலர் கொடுத்தது. 2005இல் காவலர்கள், ஊழியர்கள் குடும்பங்களுக்கு 1.2 கோடி டாலர். முப்பது ஆண்டு தாக்குப்பிடித்த மொழி என்பதால் மாணவர்கள் இதை நம்பிப் படிக்கலாம். ஆனால் பிரேதப் பரிசோதனை செய்கிற டாக்டர்களை மட்டும் அருகில் விடாதீர்கள். குண்டைக் குண்டு என்று எழுதித்தான் அவர்களுக்குப் பழக்கம்.